பொட்டாசியம் 39 நிலையா இருக்கு, 41ம் நிலையா இருக்கு, நடுவுல 40 மட்டும் ஏன் சிதையுது?

அரூர்_மாணவி

எல்லாருக்கும் வணக்கம். பி.எஸ்சி இயற்பியல் ரெண்டாம் வருஷம் படிக்கிறேன், அரூர் பக்கம் ஊரு. பிளஸ் டூல அணுக்கரு பாடத்த தமிழ்ல படிச்சு மார்க்கும் வாங்கிட்டேன், ஆனா இப்ப யோசிச்சா ஒண்ணு இடிக்குது. புரோட்டான் எண்ணிக்கை 82க்கு மேல போனாத்தான் அணுக்கரு நிலையில்லாம சிதையும்னு மனசுல பதிச்சு வச்சிருந்தேன். நேத்து ஐசோடோப்பு அட்டவணைய பாத்துக்கிட்டு இருந்தப்ப பொட்டாசியம் கண்ணுல பட்டுச்சு. வெறும் 19 புரோட்டான்தான். 39 நிலையானது, இயற்கைல 93 சதவீதம் அதுதான். 41ம் நிலையானது, கிட்டத்தட்ட 7 சதவீதம். நடுவுல இருக்கற 40 மட்டும் கதிரியக்கம், அது 0.0117 சதவீதம் இருக்குது. அதாவது ஒரு நியூட்ரான சேத்தா கெடுது, இன்னொண்ணு சேத்தா சரியாகிடுது. இது எப்புடிங்க? நியூட்ரான் அதிகமானதுதான் பிரச்சனைன்னா 41 இன்னும் கெட்டிருக்கணும்ல?

பென்னாகரம்_வாத்தியார்

அருமையான கேள்விம்மா. 31 வருஷம் மேல்நிலை வகுப்புக்கு பாடம் எடுத்திருக்கேன், இத கேட்டவங்க ரெண்டு மூணு பேரு இருந்தா அதிகம்.

82க்கு மேலன்னு நீ படிச்சது பாதிதான். மொதல்ல அந்தப் பாதிய முடிச்சிடுவோம். அணுக்கருவுக்குள்ள ரெண்டு விசை. ஒண்ணு அணுக்கரு விசை, புரோட்டானோ நியூட்ரானோ வித்தியாசம் பாக்காம ஒட்ட வைக்கும், ஆனா பக்கத்துல தொட்டுக்கிட்டு இருக்கறவங்களோட சரி, ரெண்டு மூணு பேரு தள்ளி இருந்தா அதுக்கு கை எட்டாது. இன்னொண்ணு புரோட்டானுக்கும் புரோட்டானுக்கும் உள்ள விலக்கு விசை, இது எம்புட்டு தூரம்னாலும் எட்டும், ஒவ்வொரு புரோட்டானும் மீதி எல்லா புரோட்டானையும் தள்ளும். அதனால சின்ன அணுக்கருவுல ரெண்டும் சரிசமமா இருந்தா போதும், கால்சியம் 40ல 20க்கு 20. பெருசாகப் பெருசாக விலக்கு ஏறிக்கிட்டே போகும், அத ஈடுகட்ட விலக்காத ஆளு, அதாவது நியூட்ரான், கூடுதலா வேணும். காரீயம் 208ல 82 புரோட்டானுக்கு 126 நியூட்ரான், ஒண்ணுக்கு ஒண்ணரைக்கும் மேல.

இப்ப உன் கேள்வி. நம்ம டவுன் பஸ்ல ரெண்டு ரெண்டு பேரா உக்கார்ற சீட்டு இருக்குதில்ல, உள்ளயும் அப்படித்தான், புரோட்டான் புரோட்டானோட ஜோடி சேரும், நியூட்ரான் நியூட்ரானோட ஜோடி சேரும், ஜோடி சேந்தா ஆற்றல் இன்னும் கொஞ்சம் கொறையும். பொட்டாசியத்துல 19 புரோட்டான், எப்பவுமே ஒண்ணு தனியாத்தான். 39ல 20 நியூட்ரான், எல்லாம் ஜோடி. 41ல 22 நியூட்ரான், எல்லாம் ஜோடி. 40ல 21. அங்கயும் ஒண்ணு தனி, இங்கயும் ஒண்ணு தனி. ரெண்டு பக்கமும் ஒற்றைப்படையா இருக்கற அணுக்கருவுல நிலையா நிக்கறது கனஹைட்ரஜன், லித்தியம் 6, போரான் 10, நைட்ரஜன் 14. அவ்ளோதான்.

இன்னொண்ணு சொல்றேன், இத நல்லா பிடிச்சுக்கோ. நிலையா இருக்குன்னா கெட்டியா ஒட்டியிருக்குன்னு அர்த்தம் இல்ல. பொட்டாசியம் 40ல மொத்தப் பிணைப்பாற்றல், அதாவது எல்லாத்தயும் தனித்தனியா பிரிக்க வேண்டிய ஆற்றல், 341 எம்.இ.வி. (ஒரு எம்.இ.வி.ன்னா பத்து லட்சம் எலக்ட்ரான் வோல்ட்டு) இருக்குது, ரொம்பக் கெட்டியானதுதான். ஆனா அதே 40 எண்ணிக்கைல இந்தப் பக்கம் ஆர்கான், 18 புரோட்டான் 22 நியூட்ரான். அந்தப் பக்கம் கால்சியம், 20க்கு 20. ரெண்டுலயும் எல்லாரும் ஜோடி. ஆர்கான் 1.5 எம்.இ.வி. தாழ்வா இருக்குது, கால்சியம் 1.3 தாழ்வா இருக்குது. ஓட்டு வீட்டுக்கு முகட்டு ஓடு போட்டிருப்பாங்கல்ல, அதுமேல விழுந்த மழைத் துளி மாதிரி பொட்டாசியம் 40. இந்தப் பக்கமும் சரிவு, அந்தப் பக்கமும் சரிவு. நூத்துல 89 கால்சியம் பக்கம் எறங்குது, மீதி 11 ஆர்கான் பக்கம். கீழ எறங்க எடம் இல்லாம இருக்கறதுக்குப் பேருதான் நிலைத்தன்மை.

தேன்கனிக்கோட்டை_எம்எஸ்சி

சார் சொன்னது சரி, ஒண்ணு மட்டும் சேக்கணும். டாண்டலம் 180. அதுவும் ரெண்டு பக்கம் ஒற்றைப்படைதான், ஆனா இயற்கைல கெடைக்குது. அதோட அடிநிலை, அதாவது ஆற்றல் ரொம்பக் கொறஞ்ச நிலை, சுமார் 8 மணி நேர அரை ஆயுள்ல (பாதி அணு சிதைய ஆகற நேரம்) போயிடும், ஆனா ஆற்றல் கூடின கிளர்வுற்ற நிலை ஒண்ணு இருக்கு, அது சிதைஞ்சு யாரும் பாத்ததே இல்ல. மேல இருக்கற நிலை நிக்குது, கீழ இருக்கற நிலை ஓடிருது. காரணம் சுழற்சி (இங்கிலீஷ்ல ஸ்பின்), மேல் நிலைக்கு சுழற்சி எண் 9, அத விட்டு எறங்க வழி அவ்ளோ கஷ்டம். அதனால கீழ எடம் இருக்கான்னு மட்டும் பாத்தா பத்தாது, போற வழியையும் பாக்கணும்.

அரூர்_மாணவி

ஐயா முகட்டு ஓடு உதாரணம் மனசுல நின்னுடுச்சு, ரொம்ப நன்றி. அண்ணா நீங்க சொன்ன வழி விஷயத்துல இருந்துதான் அடுத்த சந்தேகம். ரெண்டு பக்கமும் சரிவுன்னா பொட்டாசியம் 40 உடனே எறங்கியிருக்கணுமே, அரை ஆயுள் 125 கோடி வருஷம்னு போட்டிருக்கு?

தேன்கனிக்கோட்டை_எம்எஸ்சி

அதே கதைதான். பொட்டாசியம் 40க்கு சுழற்சி எண் 4. தனியா இருக்கற அந்த ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேந்து அந்த 4ஐ குடுக்குது. கால்சியம் 40க்கு 0, எல்லாம் ஜோடி சேந்து ரத்தாகிடுச்சு. அப்ப வெளிய போற எலக்ட்ரானும் எதிர்நியூட்ரினோங்கற மின்னூட்டம் இல்லாத சின்னத் துகளும் அந்த 4ஐ தூக்கிட்டுப் போகணும். பீட்டா சிதைவுல சாதாரணமா 0 இல்ல 1 தூக்கிட்டுப் போகறதுதான் லேசு. நாலு படிய ஒரே தாவுல எறங்கற மாதிரி இது, நடக்கும் ஆனா ரொம்ப அபூர்வம். ஆர்கான் பக்கம் போறது நேரா அடிநிலைக்குப் போகாம சுழற்சி 2 உள்ள ஒரு கிளர்வு நிலைக்குப் போய் அங்கிருந்து 1.46 எம்.இ.வி. காமா கதிர விட்டுட்டு எறங்கும். கருவி வச்சு மனுஷ உடம்ப அளந்தா அந்த 1.46 தனியா தெரியும்.

காரிமங்கலம்_தோட்டம்

மனுஷ உடம்பா? இருங்க இருங்க. நான் படிச்சது பத்தாவது, மாந்தோப்பு நாலு ஏக்கர், கொஞ்சம் தக்காளி. எங்க கொட்டாயில பொட்டாஷ் மூட்டை எட்டு அடுக்கி வச்சிருக்கேன், பேரப்பசங்க அதுமேலதான் ஏறி வெளையாடுறாங்க, நீங்க சொல்ற பொட்டாசியமும் இந்த பொட்டாஷும் ஒண்ணுதானே, அப்ப அதுல கதிரியக்கம் இருக்குதா இல்லையா, வெவரமா சொல்லுங்க, எனக்கு இப்ப மனசு ஒரு மாதிரி இருக்குது.

பென்னாகரம்_வாத்தியார்

ஒண்ணேதாங்க. மறைக்காம கணக்கோடவே சொல்றேன், அப்பத்தான் பயம் போகும்.

ஒரு கிராம் பொட்டாசியத்துல ஒரு செகண்டுக்கு சுமார் 31 அணு சிதையுது. 50 கிலோ மூட்டைல பொட்டாசியமா கணக்கு போட்டா 25 கிலோ பக்கம் வரும். அப்ப ஒரு மூட்டைக்கு செகண்டுக்கு 7 லட்சத்து 70 ஆயிரம் சிதைவு. எண்ணிக்கை பெருசா தெரியும், ஆனா அணு உலகத்துல இது சின்ன எண்ணு. அதுல முக்காவாசிக்கும் மேல பீட்டா துகள், மூட்டைக்குள்ளயே நின்னுடும். மீதி காமா கொஞ்சம் வெளிய வரும். கருவி வச்சா தெரியற அளவுதான், பேரப்பசங்கள பாதிக்கற அளவு இல்ல. உரம் வாயில போகாம பாத்துக்கோங்க, அது உப்புங்கறதால, கதிரியக்கத்துக்காக இல்ல.

அடுத்து உங்க உடம்பு. 70 கிலோ எடையுள்ள ஆளு உடம்புல சுமார் 140 கிராம் பொட்டாசியம் இருக்கும். அப்ப செகண்டுக்கு 4300 சிதைவு பக்கம் உங்களுக்குள்ள நடக்குது, எனக்குள்ளயும் நடக்குது. கேழ்வரகு களி சாப்பிட்டா கூடுமான்னு கேப்பீங்க. கூடாது, வேணும்கற பொட்டாசியத்த வச்சுக்கிட்டு மிச்சத்த சிறுநீரகம் வெளிய அனுப்பிடும். மனுஷன் பொறந்த நாள்ல இருந்து இந்தக் கதிரோடதான் வாழ்ந்துக்கிட்டு இருக்கான். பூமி உருவானப்ப இப்ப இருக்கறதவிட 12 மடங்கு பொட்டாசியம் 40 இருந்திருக்கும், 454 கோடி வருஷத்துல மூணரை அரை ஆயுளுக்கு மேல ஓடிருச்சு.

காரிமங்கலம்_தோட்டம்

நல்லதுங்க வாத்தியாரே, இப்பத்தான் நிம்மதி. கடைசியா ஒண்ணு. தண்ணில கரைச்சு சொட்டுநீர்ல விடுறமே, இல்ல எரிச்சு சாம்பலாக்குறமே, அப்ப இந்தக் கதிரியக்கம் கொறையுமா?

பென்னாகரம்_வாத்தியார்

துளியும் கொறையாது. கரைக்கறது, எரிக்கறது, காய்ச்சறது எல்லாம் அணுவோட வெளி எலக்ட்ரான்கிட்ட நடக்கற வேலை, அதுக்கு ஆற்றல் சில எலக்ட்ரான் வோல்ட்டு. அணுக்கருவுக்குள்ள நடக்கறது லட்சக்கணக்குல. அடுப்புல போட்டாலும் ஐஸ்ல போட்டாலும் அது பாட்டுக்கு அதோட கணக்குல போகும். பெரிலியம் 7 மாதிரி எலக்ட்ரான உள்ள இழுத்துச் சிதையற ஒண்ணு ரெண்டுல மட்டும் எந்தச் சேர்மத்துல இருக்குங்கறத பொறுத்து ஒரு சதவீத அளவுக்கு மாறும்.

ஓசூர்_டிக்_வெல்டிங்

இந்தப் பேச்ச நாலு நாளா படிக்கிறேன். ஓசூர் சிப்காட் பக்கம் டிக் வெல்டிங் பண்றேன், 14 வருஷம் ஆச்சு. மேல ஆர்கான்னு வந்ததும் நின்னுட்டேன். எங்க சிலிண்டர்ல வர்ற ஆர்கானும் இந்த ஆர்கானும் ஒண்ணாங்க? காத்துல இருந்துதான் பிரிச்சு எடுக்கறாங்கன்னு கேஸ் கொண்டு வர்ற தம்பி சொன்னாரு.

தேன்கனிக்கோட்டை_எம்எஸ்சி

அண்ணா, இந்தப் பாடத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச எடமே நீங்க கேட்டதுதான். காத்துல 0.93 சதவீதம் ஆர்கான். மத்த மந்த வாயு எல்லாம் பாத்தீங்கன்னா நியான் 0.0018 சதவீதம், கிரிப்டான் அதவிடக் கம்மி. ஆர்கான் மட்டும் ஏன் கார்பன் டை ஆக்சைடவிடயே இருபது மடங்குக்கு மேல இருக்குது? அதுல 99.6 சதவீதம் ஆர்கான் 40. சூரியன்ல உள்ள ஆர்கான்ல முக்காவாசிக்கும் மேல 36தான், 40 இல்லவே இல்லங்கற அளவு. அப்ப நம்ம காத்துல இருக்கற 40 எங்கிருந்து வந்துச்சு? பாறைக்குள்ள இருந்த பொட்டாசியம் 40ல இருந்து. முகட்டுல இருந்து இந்தப் பக்கம் எறங்கின அந்த 11 சதவீதம்தான் கோடிக்கணக்கான வருஷமா பாறை உருகறப்ப, எரிமலை வெடிக்கறப்ப வெளிய வந்து காத்துல சேந்திருக்கு. எதோடயும் சேராத வாயுங்கறதால அப்படியே தங்கிடுச்சு. நீங்க டார்ச்ச அழுத்தறப்ப வர்ற ஆர்கான்ல நூத்துக்கு 99க்கு மேல ஒரு காலத்துல கல்லுக்குள்ள பொட்டாசியமா இருந்தது. அது இப்ப நிலையானது, கதிர் எதுவும் இல்ல.

ஓசூர்_டிக்_வெல்டிங்

14 வருஷமா கைல பிடிச்சிருக்கேன் தம்பி, ஒருத்தரும் சொன்னதில்ல. காத்தவிட கனமா எறங்கி உருகின எடத்த மூடும், அதான் எங்களுக்குத் தெரியும். நைட் ஷிப்ட்டு முடிஞ்சு வந்து இத பொண்டாட்டிகிட்ட படிச்சுக் காட்டினேன்.

பென்னாகரம்_வாத்தியார்

வெல்டிங் தம்பிக்கு ஒரு விஷயம் கட்டாயம் சொல்லணும். டங்ஸ்டன் ராடு எந்தக் கலர் முனை பயன்படுத்தறீங்க?

ஓசூர்_டிக்_வெல்டிங்

செவப்பு முனைங்க சார். ஆர்க் நல்லா நிக்கும்.

பென்னாகரம்_வாத்தியார்

அதான் நெனச்சேன். செவப்பு முனைன்னா டங்ஸ்டனோட 2 சதவீதம் தோரியம் ஆக்சைடு. தோரியம் 232, ஆல்ஃபா விடறது, அதாவது ரெண்டு புரோட்டானும் ரெண்டு நியூட்ரானும் சேந்த துகள். ராடு கைல இருந்தா ஒண்ணும் ஆகாது, ஆல்ஃபா தோலத் தாண்டாது, வெல்டிங் பண்றப்பயும் வெளிய வர்றது ரொம்பக் கம்மி. கிரைண்டர்ல முனை தீட்டறீங்களே, அந்தத் தூசிதான் ஆகாது, நுரையீரலுக்குள்ள போயிடுச்சுன்னா ஆல்ஃபா அங்கயே நின்னு சுடும். தீட்டறப்ப முகமூடி போடுங்க, தூசிய ஊதாதீங்க, ஈரத் துணில தொடச்சு எடுங்க. முடிஞ்சா லாந்தனம் கலந்த ராடுக்கு மாறிடுங்க, தங்கக் கலர் முனை இல்ல நீல முனை, சாம்பக் கலர் முனை சீரியம். அதுல இந்தக் கவலையே இல்ல. திருவிழால பெட்ரோமாக்ஸ் கொளுத்தின காலத்துல மேண்டில்ல இருந்ததும் இதே தோரியம்தான்.

ஓசூர்_டிக்_வெல்டிங்

சரிங்க சார். நாளைக்கே சூப்பர்வைசர்கிட்ட பேசறேன். கூட ஆறு பேரு தீட்டறாங்க, எல்லாருக்கும் சொல்லிடறேன்.

அரூர்_மாணவி

தோரியத்தோட அரை ஆயுள் 1405 கோடி வருஷம்னு புத்தகத்துல இருக்கு, பிரபஞ்சத்தோட வயசே சுமார் 1380 கோடி. அதே தோரியம் தொடர்ல கடைசில வர்ற பொலோனியம் 212க்கு ஒரு மைக்ரோ செகண்டுல மூணுல ஒரு பங்கு. ரெண்டும் ஆல்ஃபாதான். வித்தியாசம் 1க்குப் பின்னாடி 24 சைபர் வருது. ஒரே வேலைக்கு இவ்ளோ வித்தியாசம் வருமா?

தேன்கனிக்கோட்டை_எம்எஸ்சி

வரும், அதுவும் ஆற்றல்ல ரெண்டே மடங்கு வித்தியாசத்துக்கு. தோரியம் 232ல இருந்து வர்ற ஆல்ஃபாவுக்கு 4 எம்.இ.வி., பொலோனியம் 212க்கு 8.8 எம்.இ.வி. ஆல்ஃபா உள்ள இருந்து வெளிய வரணும்னா விலக்கு விசையால ஆன ஒரு மதில் குறுக்க நிக்குது, உயரம் 20 எம்.இ.வி.க்கும் மேல. பழைய இயற்பியல்படி 4 வச்சிருக்கறவன் அத ஏறவே முடியாது. 1928ல ஜார்ஜ் காமோ, அவருக்குத் தெரியாம தனியா கர்னியும் காண்டனும், மூணு பேரும் சொன்னது என்னன்னா ஏறவேண்டாம், ஊடுருவிப் போகலாம், அதுக்கு ஒரு நிகழ்தகவு இருக்கு. ஆற்றல் கம்மின்னா மதில் தடிப்பா இருக்கும், கூடன்னா மெல்லிசா இருக்கும், தடிப்புல கொஞ்சம் கூடினா நிகழ்தகவு பல மடங்கு விழுந்துடும். ஆற்றல் கூடினா அரை ஆயுள் கொறையும்னு கைகரும் நட்டாலும் முன்னாடியே அளந்து வச்சிருந்த ஒழுங்குக்கு அப்பத்தான் காரணம் தெரிஞ்சுது.

பொலோனியம் 212க்கு ஏன் 8.8ங்கறதயும் பாத்துடு. அது ஆல்ஃபாவ விட்டா மிஞ்சறது காரீயம் 208. 82ம் மாய எண், 126ம் மாய எண். 2, 8, 20, 28, 50, 82, 126, இந்த எண்ணிக்கைல கூடு நெறஞ்சிடும். இதுக்கு விளக்கம் சொன்ன மரியா கோப்பர்ட் மேயருக்கும் யென்சனுக்கும் 1963ல நோபல், அதே வருஷம் விக்னரும் வாங்கினாரு. காரீயம் 208 அவ்ளோ ஆழமான பள்ளம், அதான் விழற வேகம் அப்படி. வெள்ளீயத்துல 50 புரோட்டான், அதுக்கு பத்து நிலையான ஐசோடோப்பு. வேற எந்தத் தனிமத்துக்கும் அத்தனை இல்ல. டெக்னீசியம் 43க்கு ஒண்ணு கூட இல்ல.

பிஸ்மத் 209தான் நிலையான அணுக்கருவுல கனமானதுன்னு ரொம்ப காலம் பாடத்துல இருந்துச்சு. 2003ல அதுவும் ஆல்ஃபா விடறத கண்டுபிடிச்சுட்டாங்க. அரை ஆயுள் 2 கோடி கோடி லட்சம் வருஷம்.

பர்கூர்_கல்பட்டறை

நான் ரெண்டு கேள்வி கேக்கணும், ஒண்ணு தொழில் சம்பந்தமா. கிரானைட்ல ரேடான் வருது, அடுப்படி மேடைக்குப் போடாதீங்கன்னு வாட்ஸப்ல சுத்துது, எங்க கிட்ட கல்லு வாங்க வர்றவங்க கேக்கறாங்க. இன்னொண்ணு, இந்தக் கல்லு எத்தன வருஷம்னு எப்படிக் கண்டுபிடிக்கறாங்க, கார்பன் டேட்டிங் தானே?

பென்னாகரம்_வாத்தியார்

கல்லுக்கு கார்பன் டேட்டிங் ஆகாதுங்க, கல்லு உயிரோட இருந்ததில்லையே. அதுவும் இல்லாம கார்பன் 14க்கு அரை ஆயுள் 5730 வருஷம், ஐம்பதாயிரம் வருஷத்துக்கு மேல போனா அளக்க மிச்சமே இருக்காது. நம்ம கிருஷ்ணகிரி தர்மபுரி பக்கத்துப் பாறை சுமார் 250 கோடி வருஷப் பழசு. அதுக்கு சிர்கான்னு பொடிப்பொடியா ஒரு மணி கல்லுக்குள்ள இருக்கும், அது உருவாகறப்ப யுரேனியத்த உள்ள விடும், காரீயத்த உள்ள விடாது. அப்ப இன்னைக்கு அதுக்குள்ள இருக்கற காரீயம் உள்ளயே பொறந்தது. யுரேனியம் 238 காரீயம் 206 ஆகுது, அரை ஆயுள் 447 கோடி. யுரேனியம் 235 காரீயம் 207 ஆகுது, 70 கோடி. ஒரே மணிக்குள்ள ரெண்டு கடிகாரம், ரெண்டும் ஒரே நேரத்தக் காட்டினா நம்பலாம்.

ரேடானுக்கு வர்றேன். 238ல இருந்து 206 வரைக்கும் எட்டு ஆல்ஃபா, ஆறு பீட்டா. நடுவுல எல்லாமே திடப்பொருள், கல்லுக்குள்ளயே கெடக்கும். ரேடான் மட்டும் வாயு, 3.8 நாள் அரை ஆயுள், அதனால கொஞ்சம் நழுவி வெளிய வரும். ஒரு டன் கிரானைட்ல யுரேனியம் சில கிராம் இருக்கும். அடுப்படி மேடைங்கறது ரெண்டு செண்டிமீட்டர் கனம், சன்னல் தொறந்து வைக்கற நம்ம ஊரு வீட்டுல அதுல இருந்து வர்ற ரேடான் கணக்குல சேக்கற அளவு இல்ல. வாங்க வர்றவங்ககிட்ட தைரியமா சொல்லுங்க. ஆனா உங்க பட்டறைல கல்லு அறுக்கறவங்க, பாலிஷ் போடறவங்க பயப்பட வேண்டிய தூசி ஒண்ணு இருக்கு, சிலிக்கா தூசி. அது கதிரியக்கமே இல்ல, ஆனா நுரையீரல கல்லாக்கிடும். தண்ணி விட்டு அறுக்கச் சொல்லுங்க, முகமூடி வாங்கிக் குடுங்க. ரேடானப் பத்தி வர்ற வாட்ஸப்ல பத்துல ஒரு பங்கு இதப் பத்தி வந்திருந்தா எத்தனையோ குடும்பம் தப்பிச்சிருக்கும்.

பர்கூர்_கல்பட்டறை

தண்ணி விட்டுத்தான் அறுக்கறோம் சார், பாலிஷ்லதான் சில பேரு முகமூடி கழட்டிடறாங்க. இனிமே விடமாட்டேன். நம்ம பக்கத்து மயிலாடும்பாறைல இரும்பு 4200 வருஷம் முந்தினதுன்னு 2022ல சட்டசபைல அறிவிச்சாங்களே. இரும்பும் உயிரோட இருந்ததில்லையே, அத எப்படி கார்பன்ல பாத்தாங்க?

தேன்கனிக்கோட்டை_எம்எஸ்சி

நல்லா பிடிச்சீங்க. அகழாய்வுல இரும்பு கெடைச்ச அதே மண்ணடுக்குல இருக்கற கரி மாதிரியான பொருளத்தான் சோதிப்பாங்க. மரம் உயிரோட இருக்கற வரைக்கும் காத்துல இருந்து கார்பன் 14 எடுத்துக்கிட்டே இருக்கும், வெட்டின அன்னைக்கு வரவு நின்னுடுது, செலவு மட்டும் நடக்குது. மயிலாடும்பாறைக்குச் சொன்ன தேதி பொது ஆண்டுக்கு முன் 2172. அந்தக் கரில ஆரம்பத்துல இருந்த கார்பன் 14ல இன்னும் 60 சதவீதம் மிச்சம் இருக்கும். ஏஎம்எஸ்னு துகள் முடுக்கி வச்சு அளக்கற முறைல சிதையற வரைக்கும் காத்திருக்க மாட்டாங்க, அணுவையே எண்ணிடுவாங்க. ஏன்னா புதுசா வெட்டின மரத்துல ஒரு கிராம் கார்பன எடுத்தா அதுல 6000 கோடி கார்பன் 14 அணு இருக்கும், ஆனா நிமிஷத்துக்கு 14 பக்கம்தான் சிதையும். காத்துல கார்பன் 14 எல்லாக் காலத்துலயும் ஒரே அளவு இருக்கலங்கறதால மரத்தோட வளையத்த எண்ணி வச்ச கணக்கோட ஒத்துப் பாத்துத் திருத்தறதும் உண்டு.

அரூர்_மாணவி

ஐயா, இங்க நீங்க சொன்னது எனக்கு இடிக்குது, தப்பா நெனைக்காதீங்க. கார்பன் 14ல 6 புரோட்டான், 8 நியூட்ரான், எல்லாம் ஜோடி. அது சிதைஞ்சு நைட்ரஜன் 14 ஆகுது, 7க்கு 7, ரெண்டும் ஒற்றைப்படை. ஜோடி உள்ளது ஜோடி இல்லாததா மாறுது. முகட்டுல இருந்து எறங்காம ஏறுற மாதிரில்ல இருக்கு?

பென்னாகரம்_வாத்தியார்

தப்பா நெனைக்கறதா? இப்படி ஒருத்தி கேப்பாளான்னுதாம்மா 31 வருஷம் கரும்பலகை முன்னாடி நின்னேன்.

ஏறல, எறங்கத்தான் செய்யுது, ஆனா 0.156 எம்.இ.வி.தான். ஜோடி மட்டும் கணக்கு இல்ல. புரோட்டானும் நியூட்ரானும் சரிசமமா இருந்தா கெடைக்கற லாபம் ஒண்ணு இருக்குன்னு மொதல்ல சொன்னேன்ல, அந்த லாபம் சின்ன அணுக்கருவுல ரொம்பப் பெருசு. 14 பேர்ல ரெண்டு பேரு ஒரு பக்கம் கூடினா அது பெரிய சாய்வு, 200 பேர்ல ரெண்டு பேரு கூடினா தெரியாது. 7க்கு 7ன்னு சமமாகறதுல வர்ற லாபம், ஜோடி பிரியறதால வர்ற நஷ்டத்தவிட ஒரு மயிரிழை கூட. அதான் நைட்ரஜன் 14 நிக்குது. நான் சொன்ன நாலையும் திரும்பப் பாரு. 1க்கு 1, 3க்கு 3, 5க்கு 5, 7க்கு 7. எல்லாம் சின்னது, எல்லாம் சமம். அதுக்கு மேல இந்த லாபம் பத்தல.

தேன்கனிக்கோட்டை_எம்எஸ்சி

இதுல இன்னொரு ஆச்சரியம். ஆற்றல் கம்மியா இருந்தாலும் சுழற்சி மாற்றம் 1தான், சாதாரணமா பாத்தா கார்பன் 14 ரொம்ப சீக்கிரம் சிதைஞ்சிருக்கணும். 5730 வருஷம் இழுக்கறதுக்குக் காரணம் உள்ள ரெண்டு பங்களிப்பு ஒண்ண ஒண்ணு கிட்டத்தட்ட ரத்து பண்ணிடுது. அந்த ரத்து நடக்கலன்னா மயிலாடும்பாறை கரில அளக்க ஒண்ணுமே இருந்திருக்காது.

ஊத்தங்கரை_மகள்

மன்னிக்கணும், நடுவுல வர்றேன். எங்கம்மாவுக்கு தைராய்டு ஆபரேஷன் முடிஞ்சு போன வாரம் அயோடின் 131 குடுத்து அனுப்பியிருக்காங்க. டிஸ்சார்ஜ் பண்றப்ப அவசர அவசரமா ஒரு பேப்பர குடுத்து கொழந்தைங்க கிட்ட போகாதீங்கன்னு சொன்னாங்க, வேற ஒண்ணும் விளக்கல. அரை ஆயுள் 8 நாள்னு போட்டிருக்கு. 16 நாள்ல எல்லாம் போயிடும்னு நானே கணக்கு போட்டுக்கிட்டேன், சரியாங்க? என் பையனுக்கு ரெண்டு வயசு, பாட்டி பாட்டின்னு அழுவறான்.

பென்னாகரம்_வாத்தியார்

சாமி, பயப்படாதீங்க. 16 நாள் கணக்கு மட்டும் தப்பு. 8 நாள்ல பாதி போகும், அடுத்த 8 நாள்ல மிஞ்சினதுல பாதி போகும், அப்ப 16ம் நாள் கால் பங்கு இருக்கும். 80 நாள்ல ஆயிரத்துல ஒண்ணு. அணுவுக்கு மூப்பு கெடையாது, நேத்து பொறந்ததும் பல நாளா இருக்கறதும் ஒண்ணுதான், ஒவ்வொண்ணுக்கும் அடுத்த 8 நாள்ல போறதுக்கு சரிபாதி வாய்ப்பு. அதனால நேர்கோடா கொறையாது.

ஆனா இதுல உங்களுக்கு நல்ல சேதி இருக்கு. இது வெறும் சிதைவு கணக்கு. அம்மா உடம்புல தைராய்டு பிடிச்சுக்காத அயோடின் மொத சில நாள்லயே சிறுநீர்ல வெளிய போயிடும், அதனால நெஜத்துல இதவிட சீக்கிரமாவே கொறையும். டாக்டர் வேண்டாம்னு சொல்லலன்னா தண்ணி நெறைய குடிக்கச் சொல்லுங்க, கக்கூசுல ரெண்டு தடவ தண்ணி ஊத்தச் சொல்லுங்க, தட்டு டம்ளர் துணி தனியா. பையன் எத்தன நாள் தள்ளி இருக்கணும்ங்கறது குடுத்த அளவப் பொறுத்தது, அந்தப் பேப்பர்ல தேதி இல்லன்னா இன்னைக்கே போன் பண்ணி கேட்டு வாங்குங்க, அத சொல்லவேண்டியது அவங்க கடமை. தள்ளி நின்னு பேசலாம், ரெண்டு மடங்கு தூரம் போனா கதிர் நாலுல ஒரு பங்காகிடும். வாசல்ல பாட்டிய உக்கார வச்சு பையன தூரத்துல இருந்து காட்டுங்க.

ஊத்தங்கரை_மகள்

போன் பண்ணிட்டேன் ஐயா. இன்னும் 11 நாள்னு தேதியோட சொன்னாங்க. திண்ணைல அம்மா, வேப்ப மரத்தடில நானும் பையனும். கைய ஆட்டிக்கிட்டே இருக்கான்.

காரிமங்கலம்_தோட்டம்

நல்லா இருப்பாங்கம்மா. மாம்பழம் சீசன் வரட்டும், ஒரு கூடை அனுப்பி வைக்கறேன்.

அரூர்_மாணவி

ஒரு வாரமா இத வச்சு அட்டவணைல நானே தேடிப் பாத்தேன், சரியான்னு சொல்லுங்க. தாமிரம், 29 புரோட்டான், ஒற்றைப்படை. 63 நிலையானது, 34 நியூட்ரான். 65 நிலையானது, 36 நியூட்ரான். அப்ப நடுவுல 64, 35 நியூட்ரான், ரெண்டும் ஒற்றைப்படை, அது முகட்டுல இருக்கணும், ரெண்டு பக்கமும் எறங்கணும்னு நோட்டுல எழுதி வச்சுட்டு அப்பறம்தான் தேடினேன். இந்தப் பக்கம் நிக்கல் 64, அந்தப் பக்கம் துத்தநாகம் 64, ரெண்டுக்கும் போகுது! ஆனா அரை ஆயுள் 12.7 மணி நேரம்தான். பொட்டாசியத்துக்கு 125 கோடி வருஷம். அதனால சுழற்சி எண்ண பாத்தேன். தாமிரம் 64க்கு 1, நிக்கலுக்கும் துத்தநாகத்துக்கும் 0. ஒரே ஒரு படி எறங்கினா போதும். அண்ணா சொன்ன நாலு படி இங்க இல்ல.

தேன்கனிக்கோட்டை_எம்எஸ்சி

சரி. முழுசா சரி. பூமி உருவானப்ப தாமிரம் 64 எவ்ளோ இருந்திருந்தாலும் சில மாசத்துல காணாமப் போயிருக்கும், பொட்டாசியம் 40 மட்டும் அந்த நாலு படியால மிஞ்சி வெல்டிங் அண்ணனுக்கு ஆர்கான் குடுத்திருக்கு.

பென்னாகரம்_வாத்தியார்

நோட்டுல மொதல்ல எழுதிட்டு அப்பறம் தேடினேன்னு சொன்ன பாரு. அந்தப் பக்கத்த போட்டோ எடுத்து போடும்மா, பாக்கணும்.

ஓசூர்_டிக்_வெல்டிங்

நீல முனை ராடு வந்துடுச்சுங்க சார். ஆர்க் நல்லாவே நிக்குது.